சமூகக் கோட்பாட்டு வாசிப்பின் தொடக்கம்: குரங்கணிச் சரிவை முன்வைத்து ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

சமூகக் கோட்பாட்டைப் புதிதாகப் பயில்வோர் அறிமுக நூல்களிலிருந்து தொடங்குவதே தமிழ் ஆய்வுலகில் பெருவழக்காக உள்ளது. இவ்வழக்கம் கோட்பாட்டைக் கலைச்சொற் பட்டியலாகச் சுருக்கிவிடும் போக்குக்கு இடமளிக்கிறது என்பதை இக்கட்டுரை சுட்டுகிறது. தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலைச்சரிவைச் சோதனைக் களமாகக் கொண்டு, அச்சரிவையும் அதன் சுற்றுப்புறத்தையும் விளக்க உதவும் சில நூல்களின் பொருத்தப்பாட்டை மதிப்பிடுகிறது. ஒரு வினாவை எழுப்பி வாதிடும் குறுங்கட்டுரையில் தொடங்கி, ஒரே நிலத்தைப் பற்றிய மாறுபட்ட ஆய்வுகளை ஒப்பிட்டு, அதன்பின் பெருநூல்களுக்குச் செல்லும் வரிசையே தக்கது என்பது இதன் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: சமூகக் கோட்பாடு, வாசிப்பு முறை, குரங்கணி, தோட்டத் தொழில், சாதி, களஆய்வு

முன்னுரை

தமிழியல் ஆய்வேடுகளில் ஓர் இயலமைப்பு நிலைபெற்றுள்ளது. முதல் இயலில் ஒரு கோட்பாட்டின் தோற்றமும் முன்னோடிகளும் அடிப்படைக் கருத்தாக்கங்களும் தொகுத்துரைக்கப்படும். அடுத்து வரும் இயல்களில் அக்கருத்தாக்கங்களுக்கு நாவலிலிருந்தோ களத்திலிருந்தோ சான்றுகள் காட்டப்படும். இறுதியில், கோட்பாடு பொருந்துகிறது என்னும் முடிவு கிட்டும். கிடைத்த சான்றுகளால் கோட்பாடு எவ்விடத்திலேனும் திருத்தம் பெற்றதா என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது.

இதனை ஆய்வாளரின் திறமைக் குறைவாகக் கருதுவது பொருந்தாது. கோட்பாட்டை அவர் எந்த வாயிலின் வழியாக அணுகினார் என்பதில்தான் இதன் வேர் உள்ளது. முடிந்த முடிவுகளின் தொகுப்பாகக் கோட்பாட்டைச் சந்தித்தவர் அதனை முடிந்த முடிவாகவே பயன்படுத்துவார். ஒரு சிக்கலை விடுவிக்கும் முயற்சியாக அதனைச் சந்தித்தவர், தம் சிக்கலுக்கு அது போதுமா என வினவுவார். ஆகவே, தொடக்க வாசகருக்கு எந்நூலைப் பரிந்துரைப்பது என்பது, அவர் எத்தகைய ஆய்வாளராக உருவாகப் போகிறார் என்பதோடு தொடர்புடைய வினாவாகும்.

இவ்வினாவைப் பொதுநிலையில் விவாதித்தால் பெயர்களின் வரிசையே மிஞ்சும். எனவே இக்கட்டுரை ஒரு நிலத்தை எடுத்துக்கொள்கிறது. போடிநாயக்கனூரிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்தது குரங்கணி. அதன் மேலே கேரள எல்லையில் டாப் ஸ்டேஷனும் மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களும் உள்ளன. போடிமெட்டு வழியே ஏறினால் இடுக்கி மாவட்டத்து ஏலக்காய்த் தோட்டங்கள் தொடங்குகின்றன. முதுவர் குடியிருப்புகள், ஜமீன் வரலாறு, தோட்டத் தொழில், ஏலக்காய் வணிகம், அண்மைக்காலச் சுற்றுலா ஆகியவை இச்சிறு பரப்பில் ஒன்றையொன்று குறுக்கிடுகின்றன. இத்தகைய இடத்தில் ஒரு கோட்பாடு எதை விளக்குகிறது, எதை விட்டுவிடுகிறது என்பதை எளிதில் காணலாம்.

1. அறிமுக நூல்களின் பயனும் எல்லையும்

தமிழில் கோட்பாட்டு அறிமுகம் நீண்ட மரபுடையது. 1931-இல் ‘குடிஅரசு’ இதழ் கம்யூனிஸ்ட் அறிக்கையின் தமிழாக்கத்தை வெளியிட்டது. எஸ்.வி. ராஜதுரையின் ‘எக்ஸிஸ்டென்ஷியலிசம்’, ‘அந்நியமாதல்’ ஆகிய நூல்கள் 1970-களில் வந்தன. தமிழவனின் ‘ஸ்ட்ரக்சுரலிசம்’ 1982-இல் வெளிவந்தது. இவை பல்கலைக்கழகப் பாடத்திட்டத்துக்கு வெளியே, சிறுபத்திரிகைச் சூழலில், வாசகரின் எதிர்ப்பையும் ஐயத்தையும் எதிர்கொண்டு எழுதப்பட்டவை. ஆகவே அவற்றில் வாதம் உண்டு. தமிழில் சொல்லே இல்லாத இடத்தில் சொல்லை உருவாக்க வேண்டிய நெருக்கடியும் அவற்றில் வெளிப்படையாகத் தெரிகிறது.

இந்நூல்கள் பாடநூற்சுருக்கங்களாக மாறிய பின்னர் நிகழ்ந்ததுதான் சிக்கல். அமைப்பியல், பின்னமைப்பியல், பெண்ணியம், பின்காலனியம் என ஒவ்வொன்றும் சில பக்கங்களில் அடங்கும்போது, முதலில் மறைவது கோட்பாட்டாளர் யாரோடு வாதிட்டார் என்னும் செய்தியாகும். எமில் துர்கைம் 1897-இல் தற்கொலை பற்றி எழுதியபோது, முற்றிலும் தனிமனிதச் செயலாகத் தோன்றுவதைக்கூடச் சமூகக் காரணத்தால் விளக்க இயலும் எனக் காட்ட முனைந்தார். அவ்வாறு காட்டுவதற்குப் புள்ளிவிவரங்களை எவ்வாறு வகைப்படுத்தினார், எந்த மாற்று விளக்கங்களை ஒவ்வொன்றாக விலக்கினார் என்பதே நூலின் உயிர். சுருக்க நூலிலோ தற்கொலையின் வகைகள் மட்டும் எஞ்சுகின்றன. வகைகளை மனனம் செய்த மாணவர் அவற்றைக் கதைமாந்தருக்குப் பொருத்துவதையன்றி வேறென்ன செய்ய இயலும்?

அறிமுக நூல் தேவையற்றது என்பது இதன் பொருளன்று. ஊர்களின் பெயர்களையும் திசைகளையும் அறிய வரைபடம் வேண்டும். ஆனால் அது இடையில் எடுத்துப் பார்க்க வேண்டிய துணைநூல். நடக்கத் தொடங்காதவருக்கு வரைபடத்தில் எதைத் தேடுவது என்பதே தெரியாது.

2. மூலநூலின் முதற்பக்கம்

அறிமுக நூலுக்கு எதிராக வழக்கமாக முன்வைக்கப்படும் அறிவுரை, மூலநூலுக்கே செல்க என்பதாகும். இதுவும் முழுத்தீர்வன்று என்பதற்கு ‘மூலதனம்’ சிறந்த சான்று. க.ரா. ஜமதக்னி, தியாகு ஆகியோரின் உழைப்பால் இந்நூல் தமிழில் கிடைக்கிறது. ஆயினும் முதற்பகுதியில் உள்ள சரக்கு, மதிப்பின் வடிவம் பற்றிய இயல்களிலேயே பலர் நின்றுவிடுகின்றனர்.

இவ்விடர்ப்பாட்டை மார்க்ஸே உணர்ந்திருந்தார். முதல் தொகுதி வெளிவந்த 1867-ஆம் ஆண்டின் நவம்பர் 30 அன்று நண்பர் கூகெல்மானுக்கு எழுதிய கடிதத்தில், அவருடைய மனைவி முதலில் வாசிக்கத்தக்க பகுதிகளைக் குறிப்பிடுகிறார்: வேலைநாள், கூட்டுழைப்பு, வேலைப்பிரிவினை, இயந்திரங்கள், இறுதியாக ஆதித் திரட்டல். புரியாத கலைச்சொற்களை விளக்கும் பொறுப்பைக் கூகெல்மானிடம் ஒப்படைக்கிறார். ஒரு நூற்றாண்டு கழித்து, 1969-இல் பிரெஞ்சுப் பதிப்புக்கு முன்னுரை எழுதிய லூயி அல்தூசரும், முதற்பகுதியைத் தற்காலிகமாக ஒதுக்கிவிட்டு இரண்டாம் பகுதியிலிருந்து தொடங்குமாறு வாசகரை அறிவுறுத்தினார். நூல் எழுதப்பட்ட வரிசையும் வாசிக்கப்பட வேண்டிய வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதை இவ்விரு சான்றுகளும் உறுதிப்படுத்துகின்றன.

மார்க்ஸின் வரிசையைக் குரங்கணியில் நின்று பின்பற்றினால் என்ன நிகழும்? 1877-இல் பூஞ்சாற்று அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ பெற்ற நிலவுரிமையே கண்ணன் தேவன் மலைகளில் தோட்டத் தொழிலுக்கு அடித்தளமிட்டது. மூணாற்றையும் டாப் ஸ்டேஷனையும் இணைத்த குண்டளைப் பள்ளத்தாக்கு இருப்புப்பாதை 1908-இல் சிறுதொடர்வண்டிப் பாதையாயிற்று. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தின் வழியே ஏறத்தாழ 5 கிலோமீட்டர் கீழிறங்கி, குரங்கணியை ஒட்டிய கொட்டகுடியை அடைந்தன. அங்கிருந்து வண்டிகளில் போடிநாயக்கனூருக்கும் பின்னர்க் கப்பல்வழி இங்கிலாந்துக்கும் சென்றன. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அவ்விருப்புப்பாதையை அழித்தது. மதுரையிலிருந்து போடிக்குத் தொடர்வண்டிப் பாதை 1928-இல்தான் வந்தது.

ஆதித் திரட்டல் பற்றிய இறுதிப் பகுதியை இவ்வரலாற்றோடு வாசிக்கும் மாணவருக்கு உடனே ஓர் இடறல் நேரும். இங்கிலாந்தில் வேளாண்குடிகள் நிலத்திலிருந்து பிரிக்கப்பட்டுக் கூலியாட்களாயினர் என்கிறது நூல். மலையேறிய தொழிலாளருள் பெரும்பகுதியினரோ மதுரை, திருநெல்வேலிச் சமவெளிகளைச் சேர்ந்த தலித்துகள். சாதி அவர்களை முன்னரே நிலமற்றவர்களாக வைத்திருந்தது. கங்காணி கொடுத்த முன்பணம் அவர்களைத் தோட்டத்தோடு பிணைத்தது. சந்தையில் தம் உழைப்பைத் தாமே விற்கும் கட்டற்ற தொழிலாளி என்னும் வரையறைக்குள் அவர்கள் எளிதில் அடங்குவதில்லை. இந்த இடறலே மாணவரின் முதல் கோட்பாட்டு வினாவாகும். நூலின் வரையறை தவறா, அல்லது முதலாக்கம் பழைய பிணைப்புகளைத் தனக்கேற்பப் பயன்படுத்திக்கொண்டதா? இவ்வினாவோடு முதற்பகுதிக்குத் திரும்புபவருக்கு, சரக்கு பற்றிய இயல் வறட்டுத் தருக்கமாகத் தோன்றாது. கம்பிவடத்தில் இறங்கிய பெட்டியின் விலையில் கொழுந்து பறித்த கை ஏன் புலப்படவில்லை என்பதற்கான விளக்கத்தை அங்கே அவர் தேடுவார்.

போடிநாயக்கனூரின் இன்றைய வணிகமும் இதே வாசிப்புக்கு இடந்தருகிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் இங்கு நடைபெறுகிறது. ஏலம் என்னும் சொல் விளைபொருளையும் விற்பனை முறையையும் ஒருசேரக் குறிப்பது தற்செயலே. விற்பனையைக் குறிக்கும் சொல் போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்தது. எனினும் பயன்மதிப்பு, பரிவர்த்தனை மதிப்பு என்னும் இணையை வகுப்பறையில் விளக்க, ஏலக்காயின் ஏலத்தைவிட அண்மையான எடுத்துக்காட்டு இப்பகுதி மாணவருக்குக் கிடைப்பது அரிது.

3. குறுங்கட்டுரை என்னும் வாயில்

பெருநூலை இடையிலிருந்து தொடங்குவதற்கும் ஓரளவு பயிற்சி வேண்டும். அப்பயிற்சியைத் தரவல்லது, ஒரே அமர்வில் படித்து முடிக்கக்கூடிய, முழுமையான வாதத்தை உடைய குறுங்கட்டுரை. இவ்வகையில் முதலிடம் பெறத்தக்கது அம்பேத்கர் 1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த ‘இந்தியாவில் சாதிகள்’ என்னும் கட்டுரை. அப்போது அவருக்கு வயது 25. கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில், ஒரு மாணவர் தம் பயிற்சியின் பகுதியாக எழுதிய கட்டுரை அது. தொடக்க வாசகர் அதனை அணுகுவதில் இச்செய்திக்கே தனி மதிப்புண்டு.

அதன் அமைப்பு கற்கத்தக்கது. செனார், நெஸ்ஃபீல்டு, ரிஸ்லி, கேட்கர் ஆகியோரின் வரையறைகள் முதலில் ஆராயப்படுகின்றன. தீட்டு, உணவு விலக்கு போன்றவை சாதியின் விளைவுகள். அகமணமே அதன் சாரம் என்னும் நிலைப்பாடு அதன்பின் முன்வைக்கப்படுகிறது. அகமணம் சாரமாயின், ஆண்பெண் எண்ணிக்கைச் சமநிலை குலையும்போது அதனை ஒரு குழு எவ்வாறு காத்துக்கொள்ளும் என்னும் வினா எழுகிறது. உடன்கட்டை, கட்டாயக் கைம்மை, குழந்தை மணம் ஆகிய மூன்றும் அந்த எண்ணிக்கைச் சிக்கலுக்கான வழிமுறைகளாக விளக்கப்படுகின்றன. அடுத்து, ஒரு குழுவின் வழக்கம் எவ்வாறு பரவியது என்பதற்குப் பிரெஞ்சுச் சமூகவியலர் கபிரியேல் தார்தின் போலச்செய்தல் கொள்கை துணைக்கழைக்கப்படுகிறது. வரையறை, இயங்குமுறை, பரவல் என ஒவ்வொரு படியும் அடுத்ததை வேண்டி நிற்கிறது. ஐரோப்பியக் கொள்கை ஒன்றை எடுத்து, தம் வினாவுக்குத் தேவையான அளவில் மட்டும் பயன்படுத்தும் முறையையும் இங்கே காணலாம்.

இக்கட்டுரைக்குக் குறைகளும் உண்டு. போலச்செய்தலுக்குத் தரப்பட்ட அழுத்தம், வன்முறையாலும் நிலவுடைமையாலும் சாதி காக்கப்படுவதைப் பின்னுக்குத் தள்ளுகிறது. இருபது ஆண்டுகளுக்குப் பின் எழுதிய ‘சாதி ஒழிப்பு’ (1936) உரையில் அம்பேத்கரின் அழுத்தம் வேறிடத்துக்கு நகர்கிறது. இவ்வுரை மறு ஆண்டே பெரியாரின் முயற்சியால் தமிழில் வெளிவந்தது. இரண்டையும் அடுத்தடுத்து வாசிக்கும் மாணவர், கோட்பாட்டாளரும் தம் கருத்தை மாற்றிக்கொள்கிறார் என்பதை அறிகிறார். சுருக்க நூலில் இவ்வறிவு கிட்டுவதில்லை.

தமிழ் இலக்கிய மாணவருக்கு இன்னொரு வாயிலும் உண்டு. கார்த்திகேசு சிவத்தம்பி 1974-இல் எழுதிய திணைக் கோட்பாடு பற்றிய கட்டுரை, ஐந்திணைப் பாகுபாட்டைப் பண்டைத் தென்னிந்தியாவின் சமனற்ற பொருளாதார வளர்ச்சியின் வெளிப்பாடாக விளக்குகிறது. இளங்கலையிலேயே திணையை அறிந்திருக்கும் மாணவர், தாம் இலக்கிய மரபெனப் பயின்றது சமூக வரலாற்றுச் சான்றாக மாறுவதை இங்கே காண்கிறார். ஆயினும் இவ்வாயிலில் ஓர் எச்சரிக்கை தேவை. குரங்கணியைக் குறிஞ்சி நிலமாக மட்டும் வாசிப்பது, அச்சரிவில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தோட்டத் தொழில் ஏற்படுத்திய மாற்றத்தை மறைத்துவிடும். திணை ஒரு நிலத்தை அதன் தொழிலோடும் மக்களோடும் இணைத்துக் காண்கிறது. தோட்டமோ நிலம் ஓரிடத்தும் உழைப்பு வேறிடத்தும் நுகர்வு கடலுக்கு அப்பாலும் என அவ்விணைப்பைப் பிரித்துவிட்டது. சிவத்தம்பியின் முறையை ஏற்று, அவர் எடுத்துக்கொண்ட காலத்திலிருந்து விலகி வினவும்போதே அக்கட்டுரை இன்றைய மலைக்குப் பயன்படும்.

4. ஒரே நிலம், மாறுபட்ட கோட்பாடுகள்

வாதத்தைப் பின்தொடரும் பயிற்சிக்குப் பின், கோட்பாடு களத்தில் எவ்வாறு செயல்படுகிறது என்பதைக் காண வேண்டும். மதுரைக்கு மேற்கே, மலையடிவாரம் வரையிலான பகுதி இதற்கு அரிய வாய்ப்பைத் தருகிறது. இருபதாம் நூற்றாண்டின் சாதிக் கோட்பாடுகளுள் மிகுதியாக விவாதிக்கப்பட்ட ஒன்று இந்நிலத்தோடு தொடர்புடையது. பிரெஞ்சு மானிடவியலர் லூயி துமோன் 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரமலைக் கள்ளரிடையே தங்கி ஆய்வு செய்து, 1957-இல் விரிவான இனவரைவியல் நூலை வெளியிட்டார். 1966-இல் வெளிவந்த ‘ஹோமோ ஹையரார்க்கிகஸ்’ அவருக்கு உலகப் புகழைத் தந்தது.

நம் ஆய்வேடுகளில் மேற்கோளாக வருவது பெரும்பாலும் இரண்டாம் நூலே. தூய்மை, தீட்டு என்னும் எதிர்வால் இந்தியச் சமூகம் முழுவதையும் விளக்கும் அதன் துணிவு மாணவரைக் கவர்கிறது. முதல் நூலோ கொள்வினை, கொடுப்பினை, முறைமணம், கோயில் வழிபாடு, பங்காளி உறவு ஆகியவற்றை நுணுக்கமாக விரிக்கிறது. தலைமுறை தலைமுறையாகத் தொடரும் சம்பந்த உறவே அதில் மைய இடம் பெறுகிறது. அதனை முதலில் வாசிப்பவர், இத்தகைய களத்திலிருந்து அத்தகைய பொதுமைக்கு ஆசிரியர் எவ்வாறு சென்றார், இடையில் எவற்றைக் கைவிட்டார் என வினவ முடியும். பின்னதை மட்டும் வாசிப்பவருக்கு அவ்வினா எழ வழியில்லை.

துமோனுக்கு எதிர்வாதமாக நிக்கோலஸ் டர்க்ஸ் 1987-இல் வெளியிட்ட புதுக்கோட்டை பற்றிய ஆய்வை வைக்கலாம். அங்கே கள்ளர் அரசாண்டனர். அரசதிகாரத்தைச் சமய மேன்மைக்குக் கீழ்ப்பட்டதாகக் காணும் துமோனின் விளக்கம், அவ்வரசின் வரலாற்றைக் கொண்டு மறுக்கப்படுகிறது. மூன்றாவதாக, ஆனந்த் பாண்டியன் கம்பம் பள்ளத்தாக்கில் ஆய்வு செய்து 2009-இல் வெளியிட்ட, ‘கோணிய தண்டுகள்’ எனப் பொருள்படும் தலைப்புடைய நூல். குற்றப் பழங்குடிச் சட்டத்தின் ஒடுக்குமுறைக்கு ஆளான ஒரு சமூகம், வேளாண்மையின் வழியே நல்லொழுக்கத்தை எவ்வாறு கற்பனை செய்தது என்பது அதன் பொருள். காலனிய ஆட்சி மக்களைத் திருத்த முயன்ற வகைகளை ஆராய ஃபூக்கோவின் சிந்தனை அதில் பயன்படுகிறது. அதே வேளையில், நிலத்தைப் பண்படுத்துதல், மனத்தைப் பண்படுத்துதல் என்னும் தமிழ் வழக்கும் விளக்கக் கருவியாகிறது. உழவரின் பேச்சு இங்கே தரவாக மட்டும் நிற்கவில்லை. ஃபூக்கோவோடு உரையாடும் கருத்தாகவும் அமைகிறது.

மூவரும் ஒரு பெயரால் வழங்கும் மக்களைப் பற்றி எழுதுகின்றனர். ஒருவர் உறவுமுறையையும், ஒருவர் அரசையும், ஒருவர் ஒழுக்கத்தையும் காண்கின்றனர். இவற்றுள் எது சரி என உடனே தீர்ப்பளிப்பதைவிட, ஒவ்வொன்றும் எந்தச் சான்றைத் தேடியது, எதனைத் தேடவே இல்லை என அட்டவணையிடுவது தொடக்க வாசகருக்குச் சிறந்த பயிற்சி. கோட்பாடு ஒரு தேர்வு என்பதை இதைவிடத் தெளிவாக உணர்த்தும் வழி அரிது. உள்ளூர் பற்றிய நூல் என்பதாலேயே அது உண்மைக்கு அண்மையானது என்னும் எளிய நம்பிக்கையும் இவ்வொப்பீட்டால் நீங்கும். துமோனும் களத்தில் தங்கி எழுதியவரே.

5. தரவு தருவோரும் கோட்பாடு செய்வோரும்

இவ்வாறு மூன்று நூல்களை அடுக்கிய பின்னும் ஒரு வினா எஞ்சுகிறது. மலையேறிக் கூலி வேலை செய்வோரின் நிலையிலிருந்து கோட்பாடு எழுதப்பட்டுள்ளதா? கோபால் குரு 2002-இல் எழுதிய கட்டுரை, இந்தியச் சமூக அறிவியலில் கோட்பாடு செய்வோருக்கும் தரவு தொகுப்போருக்கும் இடையே சாதிப் படிநிலையை ஒத்த பிரிவினை நிலவுவதைச் சுட்டியது. தமிழகத்தின் மாவட்டக் கல்லூரிகளுக்கு இக்குற்றச்சாட்டு மிகப் பொருந்தும. முதல் தலைமுறை ஆய்வாளரிடம் ‘உங்கள் ஊரின் வழக்காறுகளைத் தொகுத்து வாருங்கள்’ எனப் பணிப்பதும், கோட்பாட்டு இயலை வேறெங்கோ எழுதப்பட்ட சுருக்கத்திலிருந்து நிரப்பச் சொல்வதும் அப்பிரிவினையின் அன்றாட வடிவங்களே.

ஜெயசீலன் ராஜ் 2022-இல் வெளியிட்ட தோட்ட நெருக்கடி பற்றிய ஆங்கில நூல் இதற்கு ஒரு மறுமொழியாக அமைகிறது. இடுக்கி மாவட்டம் பீர்மேட்டுத் தேயிலைப் பகுதியைக் களமாகக் கொண்டது அந்நூல். ஆசிரியர் தோட்டத் தொழிலாளர் சூழலில் வளர்ந்தவர். 1990-களின் இறுதியில் தொடங்கிய தேயிலை நெருக்கடியால் தோட்டங்கள் கைவிடப்பட்டபோது, தமிழ்த் தலித் தொழிலாளர் வேலையோடு வேறு பலவற்றையும் இழந்தனர். தோட்டத்துக்கு வெளியே சென்றபோது சாதியாலும் மொழியாலும் வந்த இழிவை அவர்கள் புதிதாக எதிர்கொண்டனர். பொருளாதார நெருக்கடி, வர்க்க நிலை, சாதி, மொழி அடையாளம் ஆகியவை ஒன்றுக்கொன்று புறம்பானவையாக இந்நூலில் இல்லை. அந்நியமாதல் என்னும் பழைய கருத்தாக்கம், லயன் வீடுகளின் வாழ்க்கையில் மீண்டும் பொருள் பெறுகிறது. ராஜதுரையின் ‘அந்நியமாதல்’ நூலை இதனோடு இணைத்து வாசிக்கும் தமிழ் மாணவர், ஒரே கருத்தாக்கத்தின் தத்துவ விளக்கத்தையும் கள விளக்கத்தையும் ஒருங்கே பெறுவார்.

2015 செப்டம்பரில் மூணாற்றில் நிகழ்ந்த பெண் தொழிலாளர் போராட்டமும் இங்கே கருதத்தக்கது. ‘பெம்பிளை ஒருமை’ எனப் பெயர்பெற்ற அப்போராட்டத்தில், 20 விழுக்காடு போனசும் கூலி உயர்வும் கோரிய பெண்கள், நிலைபெற்ற தொழிற்சங்கங்களின் ஆண் தலைவர்களை விலக்கியே வீதியில் அமர்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழ் பேசுவோர். வர்க்கம் என்னும் கருத்தாக்கத்தை மட்டும் கொண்டவருக்குத் தொழிற்சங்கம் விலக்கப்பட்டது முரணாகத் தோன்றும். பாலினம் என்னும் கருத்தாக்கத்தை மட்டும் கொண்டவருக்குக் கூலிக் கோரிக்கை இரண்டாம் இடத்துக்குச் செல்லும். அப்பெண்களின் செயலோ இரண்டையும் பிரிக்காமல் நின்றது. கோட்பாட்டைக் களத்தில் பொருத்திப் பார்த்தல் என்னும் நடைமுறை தலைகீழாக்கப்பட்டு, களம் கோட்பாட்டை வினவும் இடம் இதுவே.

6. உள்ளூர்த் தொடக்கத்தின் எல்லை

தம் நிலத்திலிருந்து தொடங்குவது பார்வையைக் குறுக்கிவிடும் என்னும் மறுப்பு நியாயமானது. குரங்கணியின் பெயரை நாடறியச் செய்த நிகழ்வே இம்மறுப்பை ஆராய உதவுகிறது. 2018 மார்ச் 11 அன்று சரிவில் பரவிய காட்டுத்தீயில், சென்னையிலிருந்தும் திருப்பூர், ஈரோடு பகுதிகளிலிருந்தும் வந்திருந்த மலையேற்றக் குழுவினர் சிக்கினர். 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அரசு விசாரணை நடத்தியது. மலையேற்றத்துக்கு விதிகளும் வகுக்கப்பட்டன.

சி. ரைட் மில்ஸ் 1959-இல் எழுதிய ‘சமூகவியல் கற்பனை’ தனிமனிதரின் இடரையும் பொதுச் சிக்கலையும் வேறுபடுத்தி, அவற்றுக்கு இடையிலான தொடர்பைக் காண்பதே சமூகவியலரின் பணி என்கிறது. பட்டியலிடும் பாடநூலில் இவ்வேறுபாடு ஒரு வரையறையாகக் கிடக்கும். இத்துயரத்தோடு சேர்த்து வாசிக்கையில் அதன் கூர்மை வெளிப்படும். அனுமதி பெற்றனரா, வழிகாட்டி தவறினாரா என்னும் வினாக்கள் தேவையானவை. அவற்றோடு நின்றால் நிகழ்வு சிலரின் பிழையாக முடிந்துவிடும். கோடையின் தொடக்கத்தில் காய்ந்து நிற்கும் புற்சரிவு யாருடைய பொறுப்பில் உள்ளது? மலையில் வாழ்வோரின் அறிவு, மலையேற்ற ஏற்பாட்டில் எவ்விடம் பெறுகிறது? நகரத்து வேலைவாரம் வார இறுதிக்கான மலையை எவ்வாறு ஒரு நுகர்பொருளாக்கியது? அதே சரிவில் ஓய்வுக்காக ஏறுவோரும் கூலிக்காக ஏறுவோரும் எவ்வாறு வேறுவேறு ஆபத்துகளை ஏற்கின்றனர்? கடைசி இரு வினாக்களுக்கும் குரங்கணியில் மட்டும் தேடினால் விடை கிடைக்காது. சென்னைக்கும் திருப்பூருக்கும் செல்ல வேண்டும். கம்பிவடத்தில் இறங்கிய தேயிலையைப் பின்தொடர்ந்தவர் இங்கிலாந்து வரை செல்ல வேண்டியிருந்ததைப் போன்றதே இது.

ஆகவே, நிலத்திலிருந்து தொடங்குதல் என்பது நிலத்துக்குள் அடங்குதல் ஆகாது. ஓர் இடத்தைத் தொடர்ந்து வினவினால் அவ்விடத்தின் எல்லை தானே விரிகிறது. அவ்விரிவை வழிநடத்தும்போதுதான் மார்க்ஸும் துர்கைமும் மில்ஸும் தேவையாகின்றனர்.

முடிவுரை

மேற்கண்ட மதிப்பீட்டிலிருந்து ஒரு வாசிப்பு வரிசையைப் பரிந்துரைக்கலாம். முதலில் அம்பேத்கரின் 1916 கட்டுரை. தமிழிலக்கியம் பயின்றோர் சிவத்தம்பியின் திணைக் கட்டுரையையும் உடன்கொள்ளலாம். அடுத்து, தாம் அறிந்த நிலத்தைப் பற்றிய, தம்முள் மாறுபடும் இரு களஆய்வுகள். போடிப் பகுதி மாணவருக்குத் துமோனின் முதல் நூலும் ஆனந்த் பாண்டியனின் நூலும், தோட்டத்தை ஆராய விழைவோருக்கு ஜெயசீலன் ராஜின் நூலும் உரியவை. மூன்றாவதாக, ‘மூலதனம்’ போன்ற பெருநூல்கள், அவற்றை இயற்றியோரே காட்டிய எளிய பகுதிகளிலிருந்து. அறிமுக நூல்கள் இவ்வனைத்துக்கும் பக்கத்துணையாக இருக்கட்டும்.

இவ்வரிசையை நடைமுறைப்படுத்த இரு தடைகள் உள்ளன. முதலாவது மொழி. இந்நிலத்தைப் பற்றிய ஆய்வுகளுள் முதன்மையானவை பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்டவை. தாம் வாழும் மலையைப் பற்றிய நூலைத் தம் மொழியில் படிக்க இயலாத மாணவரிடம் கோட்பாட்டுக் கூர்மையை எதிர்பார்ப்பது முறையன்று. ஐரோப்பியப் பெருநூல்களைத் தமிழாக்குவதில் காட்டிய ஊக்கத்தைத் தமிழ்நிலக் களஆய்வுகளைத் தமிழாக்குவதிலும் பல்கலைக்கழகங்கள் காட்ட வேண்டும். இரண்டாவது, நெறியாளரின் பங்கு. கலைச்சொல்லை முன்கூட்டியே மனனம் செய்விக்காமல், வாசிப்பின் இடையில் தடை நேரும் இடத்தில் விளக்கும் பணியை மார்க்ஸ் கூகெல்மானிடம் ஒப்படைத்தார். நெறியாளர் ஏற்க வேண்டிய பணியும் அதுவே. ஆய்வேட்டின் முதல் இயலாகக் கோட்பாட்டு வரலாற்றை வேண்டுவதற்கு மாறாக, ‘இக்கோட்பாடு என் களத்தில் எங்கே இடறியது’ என்னும் ஓர் இயலை வேண்டினால், இம்மாற்றத்தை அடுத்த ஆய்வேட்டிலேயே தொடங்கிவிடலாம்.